பழைய டீசல் அம்பாசடர்: முதலில் நிற்க வை, பிறகு ஓட வை

தக்கலையில் என் வீட்டுப் பின்புறம் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் அம்பாசடர் டீசல் 1986-ல் பதிவான வண்டி. நான் வாங்கும்போது அது ஏழு வருடமாக ஓடாமல் கிடந்தது. டயர் நான்கும் தரையோடு படிந்திருந்தன. பின் சீட்டுக்குள் அணில் தேங்காய் நார் கொண்டு கூடு கட்டியிருந்தது. அதுவரை எனக்கு பைக்கில் ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு எந்த மெக்கானிக் வேலையும் தெரியாது. ஞாயிறும் பண்டிகை விடுமுறையுமாகப் பதினாறு மாதம் வேலை பார்த்த பிறகு அந்த வண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தைச் சூடாகாமல் ஏறியது. இப்படி ஒரு வண்டியைக் கையில் எடுக்க ஆசைப்படும் குமரி மாவட்டத்துப் புதியவருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் மூத்த கைக்காரரை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியைப் பார்க்க வந்த ஆசான் பானட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். "எஞ்சினு எங்கயும் ஓடிப் போவாது மக்களே. ஓட வைக்கதுக்கு முன்னாடி நிக்க வையி" என்றார். பிரேக்கைத்தான் சொன்னார். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் எஞ்சினைப் பிரிக்கத்தான் கை துடிக்கும், இல்லையென்றால் பெயின்ட் அடிக்கத் தோன்றும். பாதியில் கைவிடப்பட்டு இரும்புக்கடைக்குப் போகும் வண்டிகளில் பல அந்த இரண்டில் ஒன்றில் தொடங்கியவை. காகிதம், துரு, பிரேக், அதன் பிறகு எஞ்சின், கடைசியில் பெயின்ட். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

காகிதம் இல்லாத வண்டி வேண்டாம்

ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் டார்ச் அடித்து, துருவைத் துடைத்து, புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அம்பாசடரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பெட்ரோலில் பிறந்த வண்டிகளுக்குப் பிறகு டீசல் எஞ்சின் மாட்டியது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். டெம்போ மெட்டடோர் வேனின் எஞ்சினை ஏற்றிய அம்பாசடர்களை இங்கேயும் கேரளத்திலும் நிறையப் பார்க்கலாம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் கவலையில்லை. புத்தகத்தில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பசுமை வரியும், தாமதித்திருந்தால் அபராதமும் தனி. 'டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தானே ஆயுள்' என்று பலர் பயமுறுத்துவார்கள். அது டெல்லியையும் சுற்றுப் பகுதியையும் சேர்ந்த கட்டுப்பாடு. நம் ஊருக்கு அது பொருந்தாது.

1989-க்கு முன்பு பதிவான வண்டிகளில் இன்றைய டிஎன் 74, டிஎன் 75 போன்ற எண் இருக்காது, பழைய எழுத்து வரிசைதான் இருக்கும். கையால் எழுதிய அந்தப் புத்தகத்தின் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணை அடித்துப் பார்த்தாலே தெரியும். ஏறவில்லை என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். வேறு எந்த வேலைக்கும் அதன் பிறகுதான் வழி.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் நல்ல அம்பாசடர்கள் இன்னும் கிடைக்கின்றன. வாங்குவதானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வந்து தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். இந்தச் செலவையும் வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். விற்கிறவர் உயிரோடு இருக்கிறார், படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட வருவார் என்பது உறுதியான பிறகு பணத்தை எடுங்கள். வாரிசுகளிடம் வாங்கினால் காகித வேலை இரட்டிப்பு.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

அம்பாசடருக்கு லாரி, ஜீப் மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியேதான் சேசிஸ். ஆகவே தரைத் தகடும் கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டிப் பகுதியும் அரித்துப் போனால் வண்டியின் முதுகெலும்பு போனதாக அர்த்தம். மட்கார்டில் ஓட்டை இருந்தால் தகடு வேலை பார்க்கும் டிங்கர் சரிசெய்துவிடுவார். தரை அரித்தது அவ்வளவு சுலபமல்ல.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். பிடி விடுகிற இடத்தில் தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. பிறகு கீழே படுத்து, தட்டை ஸ்குரூ டிரைவரால் மூன்று இடங்களைக் குத்திப் பாருங்கள்: பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பி வந்து முடியும் குறுக்குச் சட்டம், கதவடிப் பெட்டி. ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் அது முதல் வண்டியாக எடுக்கத் தக்கதல்ல.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி எனக் கடலோரத்தில் நின்ற வண்டிக்கு உப்புக்காற்று அடிப்பக்கத்தையும் குரோமியத்தையும் தின்றிருக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் உப்பு இல்லை, ஆனால் மழை அதிகம். அங்கே கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்று வழியில் இலைச் சருகு அடைந்து, தண்ணீர் வழிய இடமில்லாமல் கால் வைக்கும் தரையில் இறங்கியிருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்று உலர்ந்தது. மாவட்டத்துக்குள்ளேயே தேடுவதானால் நான் முதலில் அந்தப் பக்கம்தான் போவேன்.

இடமும் கருவியும்

தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதை இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டுவதும் தவறு. உள்ளே ஈரம் நின்று, மூடாமல் விட்டதைவிட வேகமாகத் துரு பிடிக்கும். மேலே கூரை, நான்கு பக்கமும் காற்றோட்டம், இதுதான் சரி. நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தரை செம்மண் என்றால் ஜாக்கி வைக்கும் இடங்களில் மட்டுமாவது சிமென்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாக்கி, வண்டியைத் தூக்க மட்டும். தூக்கிய வண்டியை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கீழே போகலாம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே வைக்காதீர்கள், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தனியாக இருக்கும் நாளில் வண்டிக்கு அடியில் போகும் வேலையே வேண்டாம்.

ஸ்பானர் வாங்கும்போது பலரும் ஏமாறுவது இங்கேதான். அம்பாசடர் பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்தது, 1489 சிசி டீசல் எஞ்சினும் பிரிட்டிஷ் வடிவமைப்பு. ஆகவே போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. வீட்டில் இருக்கும் 11, 13, 14 மில்லிமீட்டர் ஸ்பானர்கள் சில போல்ட்டில் ஏறாது, சிலவற்றில் தளர்வாக உட்கார்ந்து தலையை உருட்டிவிடும். நான் முதல் வாரத்திலேயே மூன்று போல்ட் தலையை அப்படி இழந்தேன், அவற்றை எடுக்க வெல்டிங் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அங்குல ஸ்பானரை ஏ.எஃப். என்று கேட்டு 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 வாங்குங்கள். பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் வண்டி என்றால் எஞ்சினுக்கு மில்லிமீட்டர்.

துருப்பிடித்த நட்டில் முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு மறுநாள் காலையில் கை வையுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் செல்போனில் படம் எடுங்கள். பிறகு தனித்தனி டப்பாவில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி ஒட்டுங்கள். நான்கு மாதம் கழித்து அந்த டப்பாவைத் திறக்கும்போதுதான் இதன் அருமை புரியும்.

பிரேக்

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரே சர்க்யூட்டில் ஓடும் வண்டி என்றால் எங்கேனும் ஒரு பைப் வெடித்ததும் நான்கிலும் பிரேக் போய்விடும். ஏழு வருடம் நின்ற வண்டியின் பிரேக்கை 'பிடிக்கிறதே' என்று நம்பாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம், சக்கரத்துக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகமூடி போட்டு, தண்ணீரில் நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள். நான்கு சக்கரத்து வீல் சிலிண்டர்களையும் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்து உள்சுவரை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். குழி விழுந்திருந்தால் முழு சிலிண்டரையே மாற்றுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். மூன்று ரப்பர் ஹோஸ்களும் எப்படியிருந்தாலும் புதிது. இரும்புப் பைப்பில் துருப்புள்ளி தெரிந்தாலும் அதையும் மாற்றுங்கள்.

டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கிக் காற்றை எடுத்துக்கொண்டே கிட்டே வாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எனக்கு மிதித்தது என் அக்கா மகன். பெடல் கல் மாதிரி நின்ற பிறகும் ஐந்து நிமிடம் காலை அழுத்தியே வைத்திருக்கச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்து வரும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரோட்டில் படும் கட்டை நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு வந்த டயரில் ரோட்டுக்குப் போகக் கூடாது.

எஞ்சினை எழுப்புவது

இப்போது பானட்டைத் திறக்கலாம். சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் இழுத்து, 20 மடங்குக்கு மேல் அமுக்கி, அந்த அமுக்கத்தில் பிறக்கும் சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரிக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சினில் இந்த அமுக்கம் எட்டு, ஒன்பது மடங்குதான் இருக்கும். அதனால் டீசலில் சிலிண்டருக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பு என்றால் பயமில்லை, டீசல் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பால் சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் மட்டம் குறிக்கு மேல் ஏறி டீசல் வாசமும் அடித்தால் டீசலை அழுத்தி அனுப்பும் பம்போ அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலோ ஒழுகுகிறது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, டீசல் எஞ்சினுக்கான 20டபிள்யூ-40 ஆயிலில் விலை குறைந்தது எதையாவது ஊற்றுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அதையும் வடித்துவிடப் போகிறோம். உள்ளே படிந்த கசடை அள்ளிக்கொண்டு வருவதுதான் அதன் வேலை.

அடுத்து நாசில் நான்கையும் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள்கூடத் துளைக்குள் விழக் கூடாது. கழற்றிய பைப் முனைகளுக்குச் சுத்தமான பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். துளை ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் அன்றைக்கு உங்களுக்குப் பெரிய நாள். பாதியில் முட்டினால் பலத்தைப் போடாதீர்கள். இன்னும் ஆயில் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து, நாலைந்து நாள் பொறுங்கள். என் வண்டி ஆறாவது நாள் இளகியது.

நாசில் துளைகள் திறந்திருக்கும்போதே, மேலே பழைய துணி போட்டுவிட்டு, நல்ல பேட்டரி மாட்டி செல்ஃப் அடியுங்கள். தேங்கிய ஆயில் வெளியே தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆயில் பிரஷர் காட்டும் வரை பத்துப் பத்து விநாடியாக அடித்து, இடையில் ஓய்வு கொடுங்கள். இதே நேரத்தில் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நான்கு சிலிண்டரையும் அளந்துவிடுங்கள். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஹெட்டை இறக்காதீர்கள். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளங்கள். அதன் பிறகும் குறைவாகவே இருந்தால்தான் ஹெட் வேலை. தேவையில்லாமல் பிரித்த எஞ்சின் பழையபடி சேரும் என்று நிச்சயமில்லை.

நாசில்களை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டீசல் பம்ப் வேலை பார்க்கும் கடையில் கொடுங்கள். சோதனை மேடையில் மாட்டி, பனிப்புகை மாதிரி அடிக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டுவார்கள். நின்று பாருங்கள், பத்து நிமிடத்தில் டீசல் எஞ்சினைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பம்பை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது, அதன் உள்பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கழற்றியே ஆக வேண்டும் என்றால் பம்புக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். டீசல் பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கை, திரும்பக் கொண்டுவர அந்தக் கோடுதான் துணை.

டேங்கில் ஏழு வருடத்து டீசலும் தண்ணீரும் கறுப்புப் பிசுக்குமாக இருந்தது. டேங்கை இறக்கி, கொஞ்சம் டீசலும் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் குலுக்கி மூன்று தரம் கழுவினேன். டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள், காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும். ரேடியேட்டர் கடைக்காரரிடம் கேளுங்கள், டேங்கை முறையாகக் கழுவிப் பிறகு ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். இன்னொன்று, 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. பழைய பம்பின் ரப்பர் சீல்கள் இந்த டீசலில் கசியத் தொடங்குவது உண்டு. பம்ப் கடைக்குப் போயிருக்கும் சமயத்திலேயே சீல்களை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

ஏர் எடுப்பது

டீசல் வண்டியில் புதியவரை அழ வைப்பது இதுதான். டீசல் லைனில் எங்கேனும் காற்று நின்றால் பம்ப் அந்தக் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது, எஞ்சின் எடுக்காது. பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்துப் பயனில்லை.

டேங்கில் பத்து லிட்டராவது புது டீசல் ஊற்றுங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைநெம்புகோலை அடியுங்கள். கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே அந்தப் பம்பை இயக்கும் கேம் உயர்ந்த நிலையில் நின்றிருக்கலாம், எஞ்சினை ஒரு சுற்றுக் கையால் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு சுத்த டீசல். அடிப்பதை நிறுத்தாமலே ஸ்குரூவை முடுக்குங்கள். அடுத்து பம்புக்கு வாருங்கள். சி.ஏ.வி. வகை ரோட்டரி பம்ப் என்றால் உடலில் இரண்டு ஏர் ஸ்குரூ இருக்கும். கீழே இருப்பதை முதலிலும் மேலே இருப்பதைப் பிறகும் இதே மாதிரி எடுங்கள். கடைசியாக நாசில் முனையில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். நட்டில் டீசல் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக முடுக்குங்கள்.

நாசில் முனையில் விரல் வைத்து 'வருகிறதா' என்று பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும், ஆனால் உள்ளே போன டீசல் விரலையே எடுக்க வைக்கும் அளவுக்குக் கெடுக்கும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரி அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போய், டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று இழுக்கும் வாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். தேங்கிய ஆயிலையே எரித்துக்கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பலகையால் காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையையோ துணியையோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். ஸ்டாப் கேபிள் இழுத்தால் பம்பின் நெம்புகோல் முழுக்கப் போகிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்.

ஹீட்டர் பிளக்குகளை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நல்லதற்கு மிகக் குறைந்த ஓம் காட்டும், எரிந்துபோனது ஒன்றுமே காட்டாது. நம் ஊர் வெக்கைக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். முன்னறையில் டீசல் எரியும் இந்த வகை எஞ்சினுக்குக் காலை முதல் ஸ்டார்ட்டில் அது வேண்டும். இருபது விநாடி ஹீட்டர் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு சிலிண்டர் முதலில் பிடிக்கும், பிறகு இரண்டு, வெள்ளைப் புகையோடு வண்டியே குலுங்கும். மெல்ல நான்கும் சேர்ந்து அந்தக் கடகடச் சத்தம் ஒரு தாளத்துக்கு வரும். என் வண்டியில் அது வந்தது ஒரு தை மாதத்துச் சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பாட்டி மதில்மேல் எட்டிப் பார்த்து, "டாக்சி வந்திருக்கா?" என்று கேட்டார்.

புகை சொல்வதைக் கேளுங்கள்

சூடாகும்வரை வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது தண்ணீர், ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, உள்ளே குமிழி தொடர்ந்து வருகிறதா என்பதும் ஒரு நல்ல சோதனை. கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் காட்டுகிறது. முதலில் ஏர் ஃபில்டர், பிறகு நாசில், கடைசியாகத்தான் பம்ப். நீலப் புகை ஆயில் எரிவது. நீண்ட நாள் நின்ற எஞ்சினில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங்குகள் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இளகி, நீலப் புகை தானாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு எஞ்சின் வேலைக்குப் போகாதீர்கள்.

தண்ணீரும் வயரும்

கடலோரத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் படிந்து நீர்வழியை அடைக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் ராடு விட்டுச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து வழக்கம். அதைச் செய்ய வேண்டாம், எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும்.

வயரிங்கில் எலி கடித்த இடத்துக்கெல்லாம் டேப் சுற்றுவதைவிட, பேட்டரி எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டுப் முழு வயர்க் கட்டையும் (ஹார்னஸ்) புதிதாகப் போடுவது நல்லது. டீசல் செல்ஃப் இழுக்கும் கரன்ட் பெரியது. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

பாடி வேலை

தரையிலும் கதவடியிலும் அரித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைப்பதை நல்ல டிங்கரிடம் விட்டுவிடுங்கள். ஓட்டைமேல் அப்படியே தகடு ஒட்டுகிறவர் வேண்டாம். பெயின்டுக்குக் காலம் தை முதல் பங்குனிவரை. முதல் வருடம் ஜூன் முதல் வாரம் நான் ஒரு கதவுக்கு அடித்தேன், ஈரக் காற்றில் மூன்றே வாரத்தில் கொப்புளம் வந்துவிட்டது. ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட் என்றால் துணி முகமூடி போதாது, நுரையீரலுக்குத் தீங்கு. வடிகட்டி வைத்த முகமூடி போட்டவரிடம்தான் கொடுக்க வேண்டும். அடிப்பக்கத்துக்குப் பழைய கறுப்பு ஆயில் அடிக்கும் பழக்கமும் வேண்டாம். ரப்பர் புஷ்களை அது ஊதிப்போகச் செய்யும், மழையில் கரைந்து கிணற்றுக்கும் போகும்.

உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம். அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பிரேக் கிட், கேஸ்கட், புஷ் போன்றவை இன்னும் வருகின்றன. கதவுக் கண்ணாடி பீடிங், டாஷ்போர்டு மீட்டர் இவைதான் அலைய வைக்கும். பழைய மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது கட்டித் தருவார்கள்.

ரோட்டுக்கு

ஆர்.சி. புதுப்பித்து, குறைந்தபட்சம் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்து, புகைச் சான்றும் வாங்கிய பிறகே பொது ரோடு. அதுவரை வீட்டு வளாகத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டி பிரேக்கைப் பழக்குங்கள்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர், காலையில், ஆள் குறைந்த நேரத்தில். நான் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைவரை போய் வந்தேன். திரும்பியதும் நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஷூ ஒட்டுகிறது. அடியில் அட்டை விரித்து இரவு நிறுத்தி, காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது ஓட்டம் நாகர்கோவில்வரை. நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடு ஏறுகிறதா என்பது பார்வதிபுரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். மார்த்தாண்டம் பாலம், கன்னியாகுமரி நான்குவழிச் சாலை எல்லாம் அதற்குப் பிறகு.

பேச்சிப்பாறை கடைசி. குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறும்போது சூடு முள்ளைப் பார்த்துக்கொண்டே போங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், டிரம் பிரேக் தொடர்ந்து மிதித்தால் சூடாகிப் பிடிப்பை இழக்கும். அணைக்கரையில் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பானட்டைத் திறந்து ஹோஸ், பெல்ட், டீசல் பைப் நட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊற்றிய ஆயிலை ஏற்கெனவே மாற்றாவிட்டால் அன்றே வடித்துவிடுங்கள். 500 கிலோமீட்டரில் டேப்பெட்டையும் சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டை யூ போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, பார்த்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.